பேர் இல்லாத குழந்தைக்கு ஓர் அர்ச்சனை

பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் வாசலில் பூ விற்கிறேன். போன தை மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். நல்ல உயரம், வெயிலில் தோலுரிந்த மூக்கு. கூட்டத்தில் யார் இடித்தாலும், இடித்தவர்களைப் பார்த்து அவரே கை கூப்பினார்.

அவரோடு வந்த கைடு அவர் கதையைச் சொன்னான். அவருடைய பாட்டிக்குப் பாட்டி, பிழைப்புத் தேடி ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பாய்மரக் கப்பலில் குடும்பத்தோடு போனாராம். நடுக்கடலில் பிறந்த குழந்தை பேர் வைக்கும் முன்பே செத்துவிட, துணியில் சுற்றிக் கடலில் போட்டுவிட்டார்களாம். அதற்குக் கல்லறைகூட இல்லை. அந்தக் குழந்தைக்குத்தான் அர்ச்சனை.

வெளிநாட்டுக்காரர்களைச் சன்னதிக்கு விடமாட்டார்கள். கைடு மட்டும் தட்டோடு உள்ளே போய், சிரித்துக்கொண்டே திரும்பினான்.

"அய்யரு பேரு, நட்சத்திரம் கேட்டாரு ஆயா. நான் எங்க போவேன்? என் பேரையே சொல்லிட்டேன். எனக்கும் கல்யாணம் ஆவ வேணாமா?"

அதிர்ந்து பேசாதவள் நான். அன்றைக்குக் கத்திவிட்டேன்.

"பேரு தெரியலன்னா சாமி பேருக்குன்னு சொல்றதுதானே? பச்சக் கொழந்தைக்கு வந்ததப் புடுங்கிக்கினு வந்து நிக்கிறியே, த்தூ!"

"அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது, வுடு ஆயா."

அந்த அம்மா கண் கலங்கி, அவனைப் பார்த்துக் கை கூப்பினார். அவர் பாஷை எனக்குத் தெரியாது.

அவர்கள் போனதும் நானே உள்ளே போய், சாமி பேருக்கு அர்ச்சனை செய்தேன். குழந்தைக்குச் சேர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கும்பிடு அவனுக்கல்லவா போனது? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.