விளையாட்டரங்கின் மேல் ஓரம்

எங்கள் ஊர் மைதானத்தில் உள்ளக விளையாட்டரங்கு ஒன்று கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். உக்குவளைக்குப் போகிற வழியில் கொஞ்சம் மேலே ஏறினால் வரும் சிறிய ஊர் எங்களுடையது. மைதானம் பள்ளத்தில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு மண்மேடு, மேட்டின் மேல் எங்கள் மையவாடி. ஜனாஸாக்களை அடக்கும் இடத்துக்கும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கும் நடுவில் ஒரு முள்ளுக்கம்பி வேலிதான்.

என் மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பர்தாவோடு மெயின் ரோட்டில் கையை வீசி நடக்க அவளுக்கும் அவளைப் போன்ற பெண்களுக்கும் கூச்சம். புதுக் கட்டடத்தின் மேல் கோடியில் பெண்களுக்கென்று தனி அறை ஒன்று வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. பிரதேச சபையும் சரி என்றது. அன்றிலிருந்து 'இண்டோர் எப்ப வரும், இண்டோர் எப்ப வரும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரில் எல்லாருக்கும் அது இண்டோர்தான்.

கட்டுவதற்கு முன்னால் அதன் வரைபடங்களை வாசிகசாலை மண்டபத்தில் ஒட்டி வைத்து, அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம் என்று சபை அறிவித்தது. கட்டடத்தின் தோற்றம், நிறம், சுற்றிலும் நடப்போகும் மரம் செடி, எதைப் பற்றியும் பேசலாம். அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் டிரஸ்டியோடு நானும் போனேன். டிரஸ்டி என்னைவிட வயதில் குறைந்தவர். படித்தவர், நாலு பேரோடு பேசிப் பழகத் தெரிந்தவர்.

படம் வரைந்தவர் ஒரு சிங்களப் பிள்ளை, கட்டடக் கலைஞர். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பியூட்டரில் செய்த பெரிய படத்தில் கண்ணாடி முகப்பும், அதன் முன்னால் சிரித்துக்கொண்டே ஓடும் ஆட்களும் தெரிந்தார்கள்.

"இந்தப் படத்துல ஓடுறது நம்ம ஊராக்கள் இல்ல," என்றார் பேக்கரிக்காரர். "ஒருத்தனுக்கும் வயிறு இல்ல பாருங்க!"

"இண்டோர் வந்தா ஒங்களுக்கும் போயிரும், நானா," என்றான் பக்கத்தில் நின்ற தம்பி ஒருவன்.

"எனக்குப் போனா பரவால்ல, என்ட பேக்கரியும் சேந்து போயிருமே!"

மண்டபமே சிரித்தது. பிறகு நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பச்சை அடித்தால் ஒரு கட்சி, நீலம் அடித்தால் இன்னொரு கட்சி, சிவப்பு வேண்டவே வேண்டாம் என்று ஆளுக்கு ஆள் சொல்ல, கடைசியில் சாம்பல் நிறத்தில் போய் நின்றார்கள். அதுவும் தேர்தலுக்குப் பிறகு ஏதாவது கட்சியின் நிறமாகி விடுமோ என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மேல் மாடிக் கண்ணாடி எங்கள் வீடுகளின் கிணற்றடியைப் பார்க்கிறது என்று ஒரு தாய் எழுந்து சொன்னபோது, கட்டடக் கலைஞர் உடனே பென்சிலை எடுத்தார். ஜன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, வெளிச்சம் மட்டும் வருகிற மாதிரி வரைந்து காட்டினார். நல்ல பிள்ளை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்தின் படத்தை எடுத்து ஒட்டினார்.

மேல் ஓரத்தில், வேலியை ஒட்டி, பச்சையாக ஒரு நீளப் பட்டை. அதன் நடுவில் வளைந்து போகும் நடைபாதை. பாதை நெடுக வாங்குகள். வாங்குகளில் ஆட்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பட்டைக்குள்தான் என் பிள்ளை கிடக்கிறாள்.

எங்கள் ஊரில் கப்ருக்குச் சீமெந்து பூசுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை ஊன்றி, ஒரு குரோட்டன் கொப்பை நட்டுவிட்டு வருவோம். கட்டை உக்கிப் போனால் போனதுதான். மண்ணில் இருந்து வந்தவர்கள் மண்ணோடு சேர வேண்டும், ராஜா கப்ரு ஏழைக் கப்ரு என்று வித்தியாசம் இருக்கக் கூடாது என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் அதுதான் சரி என்று நம்புகிறேன். பச்சைப் பிள்ளைகளுக்கு மையவாடியின் கீழ் ஓரத்தில் இடம். எங்கள் இரண்டாவது மகள் பிறந்து ஒரு நாள்தான் இருந்தாள். சந்தூக்குப் பெட்டியில் தூக்கவில்லை. அவ்வளவு சிறிய மையித்தைத் தகப்பன் கையிலேயே ஏந்திக்கொண்டு போவதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த துணியின் சூடு என் கையில் இருந்தது. என் சூடுதான் அது என்று பிறகு விளங்கியது.

சில வருஷங்கள் கழித்துப் பெருமழையில் மேடு சரிந்து வேலி விழுந்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து, மண் உறுதியாக இருக்கிற இடமாகப் பார்த்து, உள்ளே தள்ளி வேலியைப் போட்டோம். மழை விட்டதும் பழைய இடத்துக்கே மாற்றலாம் என்றுதான் பேச்சு. மழை விட்டது. வேலி அங்கேயே நின்றுவிட்டது. வெளியே நின்ற துண்டில், பிள்ளைகளின் கப்ருகள் மேல், புல் மண்டியது. இப்போது யார் வந்து பார்த்தாலும் அது மைதானத்துக்குச் சேர்ந்த பற்றைக் காடுதான். வரைந்த பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

டிரஸ்டி என் முகத்தைப் பார்த்துவிட்டார். காதருகே குனிந்தார்.

"நானா, என்ன நெனக்கிறீங்கன்னு எனக்கு வெளங்குது. ஆனா இப்ப காணிப் பேச்ச எடுக்காதீங்க. வேலி தள்ளிப் போச்சுன்னு சொன்னா, நாளைக்கு மையவாடி முழுசுக்கும் காணி உறுதி எங்க, பிளான் எங்கன்னு கேப்பாங்க. காலம் நல்லால்ல."

"அப்ப மிதிக்கட்டுங்கிறீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லல. வேற மாதிரி சொல்லிப் பாருங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காணிப் பேச்சு ஒன்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். கப்ரை மிதிக்கக் கூடாது, அதன் மேல் உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பாதையும் வாங்கும் இல்லாவிட்டால் யாரும் அங்கே போகப் போவதில்லை. நான் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மிஸ், மேல் ஓரத்துக்கு நடைபாதை வேண்டாம். அடர்த்தியா மரம் வச்சிட்டா நல்லம். நிழலும் கிடைக்கும்," என்றேன்.

கட்டடக் கலைஞரின் முகம் மலர்ந்தது. "அருமையான யோசனை, அங்கிள். எனக்கும் அந்தப் பாதை அவ்வளவு பிடிக்கல்ல," என்று சொல்லி, வாங்குகளை எல்லாம் கோடு போட்டு வெட்டினார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் மூச்சு விடுவதற்குள் உத்தியோகத்தர் வாயைத் திறந்தார்.

"அந்த மண் இறுகின மண். சும்மா வச்சா மரம் பிடிக்காது. பெக்கோவ எறக்கி அந்தப் பட்டை முழுக்க ஒரு ஆள் ஆழத்துக்குக் கிண்டி, நல்ல மண் போட்டுத்தான் நடணும்."

"செய்யலாமே," என்றார் அந்தப் பிள்ளை, எழுதிக்கொண்டே.

பெக்கோ இயந்திரத்தின் இரும்புக் கை என் கண்ணுக்குள் வந்தது. மிதிபடாமல் காப்பாற்றப் போய், தோண்டி அள்ளுவதற்கு நானே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டிரஸ்டி கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகு உட்கார முடியவில்லை.

"கிண்ட வேணாம், மிஸ். அங்க பிள்ளைகள் இருக்கிறாங்க."

"எந்தப் பிள்ளைகள்?"

"எங்க பிள்ளைகள். அடக்கின பிள்ளைகள். என்ட மகளும்."

வேலி தள்ளிப் போன கதையை எனக்கு வந்த மாதிரி சொன்னேன். சிங்களச் சொல் வராத இடத்தில் தமிழில் சொன்னேன். அதே ஓரத்தில் பிள்ளையை அடக்கிய வேறு தகப்பன்மாரும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்கள் பக்கம் நான் பார்க்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. பயந்தார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. கட்டடக் கலைஞர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல எடத்தக் காட்டுங்க, அங்கிள்," என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் டிரஸ்டி, "சொல்லிட்டீங்க. இனி அல்லாஹ் பாத்துக்கட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னோடு சேர்ந்து நடக்காமல் முன்னால் போனார்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையும் உத்தியோகத்தரும் வந்தார்கள். டிரஸ்டியும் வந்தார், கொஞ்சம் தள்ளியே நின்றார். நான் பிஸ்மி சொல்லி மேட்டில் ஏறினேன். இடம் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் இருந்தேன். மையவாடிக்குப் போகும்போதெல்லாம் வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு, அந்தப் பக்கமாகப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு வருகிறவன் நான். எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள், "புள்ளைக்கு சலாம் சொன்னீங்களா?" என்று. "சொன்னேன்" என்பேன்.

ஆனால் அன்று புல்லுக்குள் இறங்கி நின்றபோது ஒன்றும் பிடிபடவில்லை. அடையாளமாக வைத்திருந்த பலா மரத்தை மின்கம்பி இழுக்கும்போது வெட்டிவிட்டார்கள். அதன் அடிக்கட்டை கூட இல்லை. குரோட்டன் ஒன்று நின்றது. அது நான் நட்டதா, தானாக முளைத்ததா, வேறு ஒரு தகப்பன் நட்டதா தெரியாது. சரிவில் மண்ணே இடம் மாறியிருந்தது. பந்து ஒன்று, நெகிழிப் போத்தல்கள், காய்ந்த இலை.

"இங்கயா?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"இந்தப் பக்கமாத்தான்..."

"இந்தப் பக்கம்னா? எனக்குப் படத்துல குறிக்கணும் இல்லையா?"

என் கை குரோட்டன் பக்கம் போகப் பார்த்தது. ஆம், இதுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு, மீதியில் அவர்கள் வேலை பார்த்திருப்பார்கள். எல்லாருக்கும் லேசாக முடிந்திருக்கும். ஆனால் அறியாததற்குச் சாட்சி சொல்ல முடியுமா? நான் காட்டிய இடத்தில் அவள் இல்லாமல், காட்டாத இடத்தில் இருந்தால்?

"தெரியாது, மாத்தயா," என்றேன். "இந்தப் பட்டைக்குள்ள எங்கயோ இருக்கிறா. எங்கன்னு தெரியாது."

உத்தியோகத்தர் பெருமூச்சு விட்டார். எங்கே என்று தெரியாவிட்டால் முழுவதையும் விட வேண்டும், முழுவதையும் விட்டால் கட்டடத்தைக் கீழே இறக்க வேண்டும், கீழே இறக்க இடம் போதாது, மேல் கோடியை வெட்ட வேண்டும் என்று கணக்காகச் சொன்னார். மேல் கோடி என்றால் பெண்களின் அறை. கட்டடக் கலைஞர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடியில் ஒதுக்கலாமா என்றார். ஏற முடியாத வயதான பெண்கள்தானே கேட்டார்கள் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார். கடைசியில், "பட்டைய விட்டுருவோம். கிண்டவும் வேணாம், நடவும் வேணாம்," என்றார்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து போயிருந்தார்கள். "ஒங்க ஊட்டுக்காரரால எங்க ரூம் போச்சு" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். மனைவி அதைச் சொல்லிக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டு, தலை நிமிராமல் வேறொன்று கேட்டாள்.

"எடத்தக் காட்டினீங்களா?"

"இல்ல. காட்ட முடியல்ல."

"ஏன்?"

"எங்கன்னு தெரியல்ல."

அவள் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. "இவ்வளவு காலமும் சலாம் சொன்னேன், சொன்னேன்னு சொன்னீங்களே. எங்க பாத்துச் சொன்னீங்க?"

"அந்தப் பக்கமாப் பாத்துத்தான். அல்லாஹ் அறிவான்."

"அல்லாஹ் அறிவான்னு எனக்கும் தெரியும்," என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அரிசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெண்களிடம் தானே போய், ரூம் விஷயத்தில் என்னைக் குறை சொல்ல வேண்டாம், தான்தான் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அது உண்மையில்லை. எனக்காகச் சொன்னாளா, பிள்ளைக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

திருத்திய படம் இப்போது வாசிகசாலையில் ஒட்டியிருக்கிறது. மேல் ஓரத்தில் வெளிர்ப் பச்சையில் ஒரு பட்டை, அதில் ஒன்றும் எழுதவில்லை. டிரஸ்டி சபைக்கும் பள்ளிவாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். உறுதி கேட்டார்களா இல்லையா என்று என்னிடம் சொல்வதில்லை. வேலியைப் பழைய இடத்துக்கு மாற்றலாமா என்ற பேச்சை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

நேற்று சுபஹு தொழுகைக்குப் பிறகு மனைவி என்னோடு வந்தாள். நடைக்கு என்றுதான் சொன்னாள். மைதானத்தின் வழியாகப் போய், மேட்டின் அடியில் நின்றாள். அங்கே நிற்பதற்கு யாரும் தடை சொல்ல முடியாது, படத்தின்படி அது மைதானம்தானே. நான் அவளுக்கு முன்னால் புல்லுக்குள் காலை எடுத்து வைக்கப் போனேன்.

"நில்லுங்க," என்றாள். "எதுக்கு மேல மிதிக்கிறீங்களோ தெரியாது."

காலைப் பின்னால் எடுத்தேன். இருவரும் ஓரத்திலேயே நின்று, அந்தப் பட்டையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்து, சலாம் சொன்னோம்.