கீர்த்தியின் ஊசிமுனை

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறவன் நான். குடம் உருளும் சத்தத்தை மீறிக் கத்தினால்தான் வியாபாரம். என் மனைவி பங்கஜம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். இந்த வீட்டுக்குத்தான் போன ஆவணியில் என் மகன் ஆனந்தகுமாரைக் கட்டிக்கொண்டு கீர்த்தி வந்தாள். தம்ளரை வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது. மருமகளுக்கு ஏதோ கோபம் என்று பங்கஜம் ஒரு வாரம் கலங்கிப்போனாள்.

கோபமெல்லாம் இல்லை, பார்க்கிற வேலை அப்படி. மேற்கு மாம்பலத்து ரயில்வே குமாஸ்தாவின் மகள், அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இரண்டு பொருள்கள் தொடுவதற்கு முன்பே ஒன்றையொன்று லேசாக இழுக்குமாம். முனையில் ஓரிரண்டு அணுவே இருக்குமளவுக்குக் கூரான ஊசியை மெல்லிய தகடு ஒன்றின் நுனியில் வைத்து, ஒரு பரப்பின் மேல் தொட்டும் தொடாமலும் இறக்குவார்கள். தகடு துளி வளைந்தாலும் திரையில் கோடு காட்டிக்கொடுக்கும். எவ்வளவு பலம் இருக்கும் என்று கேட்டேன்.

"ஒரு எறும்போட எடையைப் பத்து லட்சமாப் பிரிச்சா, அதுல ஒரு பங்கு வரும் மாமா."

"அத அளந்து யாருக்கும்மா லாபம்?" கடைக்காரன் வாய், சும்மா இருக்குமா?

"ஒரு பூச்சு ஏன் ஒட்டுது, ஏன் உரியுதுன்னு அப்பதான் தெரியும். நீங்க விக்கிற நான்ஸ்டிக் தவாவுக்கும் இதே கணக்குதான்" என்று சிரித்தபடி மடக்கிவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து அந்தச் சிரிப்பைக் காணோம். கோடு ஒரே நடுக்கமாக வருகிறதாம். ஆராய்ச்சிக்கூடத்துத் தெருமுனையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள், அந்த அதிர்வுதான் என்று முடிவுகட்டினாள். தை முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இதற்கு மேல் தவணை கிடையாது. இந்த அளவு கிடைக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் வீண். பொங்கலுக்கு மறுநாளிலிருந்து கருவி வேறொரு குழுவின் கைக்குப் போகிறது. அதற்குள் தோண்டுவது நிற்கப்போவது பொங்கல் அன்றைக்கு மட்டும்தான்.

அதுவோ தலைப்பொங்கல். பங்கஜத்துக்கு வந்ததே கோபம்! சம்பந்தி வீட்டார் சீரோடு வருகிற நாளில் மருமகள் மெஷினைக் கட்டிக்கொண்டு அழுவதா?

"பானையில பால் ஊத்த வேண்டியவ அவதான். பன்னெண்டு மணியோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள கூட்டியாந்து சேக்க வேண்டியது உங்க பொறுப்பு" என்று, சம்பந்திகளைக் கவனிக்க ஆனந்தகுமாரை நிறுத்திக்கொண்டு என்னைக் கூட அனுப்பினாள்.

ஊரே காலி. ஆராய்ச்சிக்கூடத்தில் காவலாளியைத் தவிர ஆளில்லை. கீர்த்தி ஏசியை அணைத்தாள், லிஃப்டை நிறுத்தச் சொன்னாள், என் செருப்பைக்கூடக் கழற்ற வைத்தாள். கருவி ஓர் அறையில், நாங்கள் பக்கத்து அறையில் திரைக்கு முன்னால். கோடு வந்தது. அதே நடுக்கம்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். மாற்றமே இல்லை.

"அப்ப தோண்டுறவங்க மேல தப்பில்ல மாமா. கோளாறு இங்கதான் எங்கயோ இருக்கு." குரல் உடைந்துவிட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து "ஐயோ!" என்று சத்தம் கேட்டு ஓடினேன். கருவி இருந்த மேஜைக்கு அடியில் தரையோடு தரையாகப் படுத்திருந்தவள் எழுந்து கையை விரித்தாள். காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம்!

அந்தக் கனத்த மேஜை காற்றடைத்த கால்களின் மேல் மிதக்க வேண்டுமாம். அப்போதுதான் தரையில் எப்போதும் இருக்கிற சிறு ஆட்டம்கூட மேலே ஏறாது. ஆயுத பூஜைக்குக் கார் சக்கரத்தில் வைப்பதுபோல நான்கு கால்களிலும் பழம் வைத்து, பிறகு மூன்றை மட்டும் எடுத்திருக்கிறாள். நான்காவது இடுக்கில் சிக்கி, கொட்டைப்பாக்காக இறுகி, மேஜையை மிதக்கவிடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நானே வச்சேன் மாமா. எனக்கு நானே வச்சுக்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "மேஜை ஆட்டம் அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். வேணாம், கிளம்பலாம். அத்தை காத்துட்டிருப்பாங்க."

"பேசாம உக்காரும்மா" என்றேன். பங்கஜத்தின் பெயர் மின்னிக்கொண்டிருந்த போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வந்ததே இல்லை.

மறுபடியும் ஊசி இறங்கியது. கோடு நேராக ஓடியது. பிறகு நடுக்கமே இல்லாமல் மெதுவாகக் கீழே குழிந்தது. கீர்த்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் தொடல மாமா. தொடவே இல்ல. அதுக்குள்ள இழுக்குது பாருங்க!"

மேலும் பல முறை எடுத்தாள். எல்லாம் அதே குழிவு. போனை மறுபடி ஆன் செய்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. போட்ட உடனே அடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கீர்த்தி வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நல்ல நேரத்த தவறவிட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும். உனக்குக் கெடச்சுதா?" பங்கஜத்தின் குரல் எனக்கும் கேட்டது.

"கெடச்சிருச்சு அத்தை."

"அப்ப இதுதான் நல்ல நேரம். உங்க அப்பா அம்மாவுக்கு வடையக் குடுத்து உக்கார வச்சிருக்கேன், பானைய இன்னும் அடுப்புல ஏத்தல. நீ வந்து பால ஊத்து."