அம்மாவின் முகத்தைப் பார்க்க ஒரு ஆள்

“ஏங்கண்ணு, நீ முட்டி போட்டு ஜெபம் பண்ணுனா டாக்டரு தலய நிமுத்திப் பாத்துருவாராக்கும்?”

பக்கத்து வீட்டு சரசக்கா கேலியாகத்தான் கேட்டார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. உள்ளே அம்மா குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நல்லூரில் குடியிருக்கிறோம். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். அதைப் பெருமையாகவே சொல்வேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு முதுகுவலியும் காய்ச்சலும் வந்தன. ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

“மெஷின்ல உக்காந்தா முதுகு வலிக்கத்தான் செய்யும். தண்ணி நிறைய குடிம்மா.”

வலிக்கு ஊசி. மாத்திரை மூன்று வேளை, சாப்பிட்ட பின்பு. அம்மா எல்லாவற்றுக்கும் “சரிங்க சார்” என்றாள். மறுநாளே வேலைக்கும் போய்விட்டாள்.

பெரிய வெள்ளியன்று காய்ச்சல் கூடி, திரும்பவும் அவரிடமே போனோம். மாத்திரை மிச்சமிருந்ததைப் பார்த்துக் கத்தினார். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாட்களில் என் அம்மாவுக்கு இரண்டு வேளைதான் சாப்பாடு. சாப்பிட்ட பின்பு என்று அவர் சொன்னதால் இரண்டு வேளை மட்டுமே போட்டிருக்கிறாள். அதை விளக்க வாயெடுத்தேன்.

“உங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது” என்று சொல்லி, அடுத்த ஆளுக்கு மணியை அடித்தார். அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வீடு திரும்பியதும் முழங்காலில் விழுந்தேன். சரசக்கா கேலி செய்தது அப்போதுதான். அது அழகான ஜெபம் அல்ல, சண்டை. “ஆண்டவரே, குஷ்டரோகியைத் தொட்டவர் நீர். என் அம்மாவைத் தொட்டுப் பார்க்க இந்த ஊரில் ஒருத்தருக்கும் மனசில்லையா? சுகத்தை அப்புறம் கொடும். முதலில் அவள் முகத்தைப் பார்க்க ஒரு ஆளைக் காட்டும்.”

மறுநாள் காலை அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அத்தனை கூட்டத்திலும் ஒரு இளம் பெண் மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். முதுகில் கை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“கம்பெனில பாத்ரூமுக்கு எத்தன தடவம்மா போவீங்க?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “போறதில்லம்மா. எந்திரிச்சா பீஸ் குறையும், சத்தம் போடுவாவ. அதான் தண்ணியே குடிக்கிறதில்ல.”

நான் அவள் மகள். எனக்கே இது தெரியாது. தண்ணீர் குடி என்று சொல்லத் தெரிந்த அந்த முதல் மருத்துவருக்கு, குடிக்கிறாயா என்று கேட்கத் தோன்றவில்லை.

சிறுநீரகத்தில் தொற்று. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிறுநீரகமே போயிருக்கும் என்றார்கள். ஈஸ்டர் எங்களுக்கு வார்டில்தான் விடிந்தது. ஆறாம் நாள் அம்மா தன் காலால் நடந்து வெளியே வந்தாள். மாத்திரைச் சீட்டு எழுதும்போது அந்த மருத்துவர், “உங்க ஷிப்ட் டைம் சொல்லுங்கம்மா, அதுக்கு ஏத்த மாதிரி எழுதுறேன்” என்றார். வழியெல்லாம் தேவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன்.

கோபம் தணிந்ததா என்று சபையில் கேட்கிறார்கள். தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை. சகோதரிகளே, நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திராதீர்கள். கோபத்தோடேயே அவரிடம் போங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். மருத்துவரிடம், புரியாததைப் புரியவில்லை என்றே சொல்லுங்கள்.

நடந்ததை எல்லாம் இரண்டு பக்கப் புகாராக எழுதினேன். “வேண்டாம்ட்டி, பெரிய இடம்” என்றாள் அம்மா. கீழே என் பெயரையும் பி.காம். என்பதையும் போட்டு, அம்மா வீடு திரும்பிய அடுத்த திங்கட்கிழமை அந்தத் தனியார் மருத்துவமனையில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை வைத்துத் தரும்வரை அங்கேயே நின்றேன்.