சும்மா இருக்கும்போது வரும் வலி

2024 மார்ச் 12, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து, மோட்டார் போட்டுவிட்டுப் பால் வாங்கி வந்தேன். கோவில்பதாகையில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேன் கேட்டருகே நாற்காலியில் இருந்தார். ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பொத்தானைக்கூடத் தவறாமல் போடுபவர். போன மாதம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பி வலை வைத்து அவர் திரும்பியதும், சங்கச் செயலாளரான நான்தான் கார் கழுவும் வேலையை நிறுத்தி, அந்த நாற்காலியைக் கொடுத்தேன்.

அன்று அந்தப் பொத்தான் அவிழ்ந்திருந்தது. நாக்கடியில் மாத்திரை, நெற்றியில் வியர்வை. ஆம்புலன்ஸை அழைக்கப் போனை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார். பால் பாக்கெட்டுடன் ஏழு நிமிடம் நின்றேன். நெஞ்சு வலி விட்டது.

“திரும்ப டெஸ்ட் எட்த்தாங்க சார். கம்பி சோக்கா கீதாம். பக்கத்துல ரத்தக்குழா தானா சுருங்கிக்குதாம்.”

“மாடி ஏறும்போதா?”

“அதான் தமாசு. தண்ணி கேன் தூக்கினா ஒண்ணுமில்ல. விடியக்காலைல சும்மா குந்திகினு கீறப்போதான் வருது.”

“நாற்காலியை எடுத்துடட்டுமா?”

“அது இன்னா பண்ணும் பாவம்? படுத்துகினு இருந்தாலும் வருது சார்.”

பாலோடு மாடி ஏறினேன்.

மறுநாள் கண் விழித்ததும் முதலில் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். செருப்புகூடப் போடாமல் இறங்கினேன்.