பிக்கப்பில் கொட்டிய குடிதண்ணீர்

அம்மா என் மேல் கை வைத்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் தெருவே பார்க்க, பளாரென்று, கன்னத்தில். அப்போது எனக்குப் பத்து வயது. அடி வலித்ததைவிட, அடித்தது அம்மா என்பதுதான் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் வீட்டில் சத்தம் போடும் வேலையை அப்பாவும், எனக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கும் வேலையை மாமாவும் எடுத்துக்கொண்டதால், அம்மாவுக்கு மிச்சமிருந்தது சம்பாதித்துக்கொண்டு வருவது ஒன்றுதான்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அது. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் இருந்தாள். வெடிக்குள் அடைக்கிற பொடியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வார்கள். அதைச் சலித்து, கலந்து, குழாய்களில் அடைக்க வேண்டும். மற்ற அறைகளைவிடக் கூலி கூட. ஆள் கிடைப்பது குறைவு. விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். வெயில் ஏறிவிட்டால் மருந்தில் கை வைக்கக் கூடாது என்பதால் மதியத்துக்கு மேல் கொண்டுவந்து விட்டுவிடும். கையும் முகமும் வெள்ளி பூசிய மாதிரி வந்து இறங்குவாள். குளிக்காமல் என்னைத் தொட மாட்டாள்.

அப்பா டிரைவர். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்காரருடைய வண்டியில் காலண்டர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மாமா அம்மாவின் தம்பி. சாத்தூரில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஊரே கம்பெனி கேட்டுக்குள் போனாலும் தாங்கள் போகவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் தாங்க முடியாத பெருமை. அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். அம்மா பேசாமல் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சித்திரையில் அப்பா ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினார். வாங்கினார் என்பதைவிட, கயிறு கட்டி இழுத்து வந்தார் என்பதுதான் சரி. உப்பும் காய்கறியும் ஏற்றிய வண்டி என்று விற்ற தரகர் சொல்லியிருந்தார். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. வீட்டை ஒட்டிய காலி இடத்தில் நான்கு கல்லை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா வருவார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் போய்விடுவார்கள். பழைய இன்ஜினை இறக்கிவிட்டு மதுரையில் பிடித்த வேறு இன்ஜினை ஏற்றினார்கள். கூடுதல் பாரம் தாங்குவதற்காகப் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்த்தார்கள். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்தது போய்ச் சாவி போட்டால் உறுமுகிற மாதிரி செல்ஃப் மோட்டார் வந்தது. அது முதல் தடவை உறுமியபோது தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வண்டிக்காரர் மகள் என்பதால் கைதட்டாமல் நின்றேன்.

இத்தனையும் எதற்கென்று எனக்கும் தெரியும். அப்பா அதை மறைக்கவில்லை. “மொத லோடு ஏறுன மறுநாளே ஒங்கம்மா அந்த வேலைய விட்டுருவா பாரு” என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். ஆனால் வண்டிக்கு என்ன சாமான் வாங்கினாலும் முதலில் அவள்தான் போய்த் தொட்டுப் பார்ப்பாள்.

ஆவணி வரப் போகும் நேரம். தீபாவளி சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் கம்பெனி ஓடியது. அன்றைக்கு அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வண்டியில் பாக்கி இருந்தது பின்தொட்டியின் தரை மட்டும்தான். அதில் போட்டிருந்த பலகைகளைப் பிடுங்கிவிட்டு இரும்புத் தகடு வைத்து வெல்டு அடித்துவிட்டால், அடுத்த வாரம் லோடு. அப்பாவும் மாமாவும் காலையிலிருந்து கடப்பாரையை வைத்து நெம்பினார்கள். ஆணிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. சுத்தியலால் அடித்தார்கள். இரும்பும் இரும்பும் மோதி மோதி எனக்குக் காது அடைத்துப்போனது.

பலகைக்கு அடியில் பள்ளம் பள்ளமான பழைய தகடு இருந்தது. அந்தப் பள்ளங்களில் சாம்பலும் வெள்ளியுமாக ஒரு தூசி அப்பிக் கிடந்தது. “எம்புட்டு அழுக்கு பாத்தீகளா மச்சான், எந்தக் காலத்துச் சிமெண்டோ” என்றார் மாமா. என்னிடம் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்து, சாப்பிட்டு வருவதற்குள் கூட்டிவைக்கச் சொன்னார்.

நான் கூட்டவில்லை. விரலால் தொட்டதுமே மனசு வேறு பக்கம் போய்விட்டது. அது மினுங்கியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தின விழா. நான்தான் பாரதமாதா. அட்டையில் கிரீடம் வெட்டி வைத்திருந்தேன். ஒட்டுவதற்கு வெள்ளித்தாள் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு டப்பாவில் பொடியை அள்ளிக்கொண்டேன். எதிர்வீட்டில் வெடிக்குழாய் சுருட்டப் பசை காய்ச்சி வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் வாங்கிக் கிரீடத்தில் தடவி, மேலே பொடியைத் தூவினேன். அப்படியே கண்ணைப் பறித்தது. மிச்சத்தில் கொஞ்சத்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டேன். அம்மாவும் இப்படித்தானே மினுங்கிக்கொண்டு வருவாள் என்று எனக்குத் தோன்றவும் செய்தது. தோன்றியதோடு சரி. அதற்கு மேல் யோசிக்கிற புத்தி இருந்திருந்தால் நான் ஏன் கணக்கில் பதினேழு மார்க் வாங்குகிறேன்?

சாப்பிட்டு வந்த மாமா, நான் கூட்டினேனா என்றுகூடப் பார்க்காமல் தொட்டிக்குள் ஏறினார். பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்த வெல்டிங் மிஷினுக்கு எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். அப்பா தகட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மிஷின் கொர்ரென்று இரைந்தது.

அந்த நேரத்தில்தான் அம்மா டிபன் பையோடு வாசலுக்கு வந்தாள். நான் கிரீடத்தோடு ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். சிரித்துக்கொண்டே பார்த்தவள், குளிக்கவில்லை என்பதையும் மறந்து, சட்டென்று குனிந்து என் கன்னத்தை விரலால் வழித்தாள். வழித்ததை மோந்து பார்த்தாள். 

“இத எங்கன எடுத்த?”

“வண்டியில. இன்னும் நெறைய இருக்கும்மா, எடுத்துட்டு வரட்டா?” என்று திரும்பி ஓடப் போனேன். அப்போதுதான் அந்த அறை விழுந்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஏலே, தீய வைக்காதலே!” என்று அலறினாள். மிஷின் இரைச்சலில் மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் வெல்டிங் ராடைத் தகட்டை நோக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடிப்போக நேரம் இல்லை என்று அவள் எப்படிக் கணக்குப் போட்டாளோ தெரியாது. பக்கத்திலிருந்த மீட்டர் பெட்டிக்குத் தாவி ஃபியூஸ் கட்டையை வெறுங்கையால் பிடுங்கிவிட்டாள். இரைச்சல் நின்றது. மாமாவின் ராடு தகட்டில் டக்கென்று தட்டிய சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

மாமா கண்ணாடியை இறக்கிவிட்டு ஃபியூஸ் கட்டையோடு நிற்கிற அக்காவைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னக்கா, கிறுக்கு புடிச்சிருச்சா?”

“ரெண்டு பேரும் எறங்குங்க. செருப்பத் தேய்க்காம, மெதுவா. அம்புட்டும் மருந்து.”

அப்பா இறங்கினார். இறங்கினாரே தவிர நம்பவில்லை. உப்பு வண்டி, காய்கறி வண்டி என்று தரகர் சொன்னதையே திருப்பிச் சொன்னார். மாமா, அக்காவின் மனதைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்து தெளிக்கப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். “தெளிக்காதலே! கொஞ்சமா நனைஞ்சா அதுவாச் சூடேறும். கொடத்தோட ஊத்தணும்.”

குடம் என்றால் எங்கள் ஊரில் விளையாட்டில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். வந்துபோய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா உள்ளே போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து தொட்டியில் கவிழ்த்தாள். மறுபடி போனாள். மறுபடி கவிழ்த்தாள். தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கிப் புது மோட்டாரில், புது ஒயரில், அப்பா நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் படுத்துக்கிடந்து மாட்டிய ஒவ்வொன்றிலும் வழிந்தது. அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “குடிக்கத் தண்ணிக்கு எங்க போக?” என்று கத்தினார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் டப்பாவைப் பிடுங்கி, அதிலிருந்து ஒரு சிட்டிகையை ஒரு துண்டுத் தாளில் போட்டுக்கொண்டு, தெருவைத் தாண்டி முள்காட்டுப் பக்கம் வெறும் தரைக்குப் போனார். “இப்பக் காட்டுறேன், இது மருந்தா சிமெண்டான்னு.” அம்மா தடுக்கவில்லை. நீளமான ஊதுபத்தி ஒன்றைக் கொடுத்து, “மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வைங்க” என்று மட்டும் சொன்னாள்.

அப்பா முகத்தைத் திருப்பவில்லை. பத்தியின் நுனி தாளைத் தொட்டதும் பட்டப்பகலில் ஒரு மின்னல் வெட்டியது. எங்கள் நிழல் எல்லாம் எதிர்ச்சுவரில் கறுப்பாக விழுந்து மறைந்தது. குப்பென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை. அப்பா பின்னால் விழுந்து கிடந்தார். எழுந்தபோது ஒரு புருவம் இல்லை.

 அத்தனை நேரம் வேடிக்கை பார்த்த தெரு அப்படியே உறைந்து நின்றது. ஒரு சிட்டிகைக்கு இது. தொட்டியில் கிடந்தது ஒரு முறத்துக்கு மேல் இருக்கும். ஏதோ கம்பெனியின் கழிவு மருந்தை வருடக்கணக்கில் அந்த வண்டியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். பலகை இடுக்கு வழியாகச் சலித்துச் சலித்து இறங்கியிருக்கிறது. மாமா இருந்த இடத்திலேயே குந்தினார். கறுப்புக் கண்ணாடி கையிலேயே இருந்தது, அதைக் கீழே வைக்கத் தெரியவில்லை.  அப்பா, “கடப்பாரைய வச்சு நெம்புனேனே… காலையிலருந்து நெம்புனேனே…” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதலில் அசைந்தது எதிர்வீட்டு அத்தைதான். உள்ளே போய்த் தன் குடத்தைத் தூக்கி வந்து வண்டியில் ஊற்றினாள். அடுத்து பக்கத்து வீடு. அப்புறம் கடைசி வீடு. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, மரத்துண்டுகளால் அந்தச் சேற்றைச் சுரண்டி, தூரத்தில் குழி வெட்டிக் கொட்டி, மேலும் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் தெருவின் ஆறு நாள் குடிதண்ணீர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோனது. ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

என் கிரீடத்தை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிக் கூழாக்கிவிட்டார்கள். அம்மா எங்கிருந்தோ ஒரு குடம் இரவல் வாங்கி வந்து, என் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். காதுக்குள், மூக்குக்குள், நகத்துக்குள் எல்லாம் துடைத்தாள்.  அவள் அழுதாள். நான் அவளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். தப்பே செய்யாத என்னைத் தெருவில் வைத்து அடித்துவிட்டாள் என்பதை நான் அவ்வளவு லேசில் விடுவதாக இல்லை.

சாயங்காலம் அப்பா சாவியைத் திருகிப் பார்த்தார். வண்டி உறுமவில்லை. மோட்டாரைக் கழற்றி மாமா கையில் எடுத்துக்கொண்டு சாத்தூருக்கு பஸ் ஏறினார். மறுபடி எல்லாம் சரியாக இன்னும் இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, ஆகட்டும்” என்றாள்.

மறுநாள் சுதந்திர தினம். சீசனில் அதற்கெல்லாம் லீவு கிடையாது. விடியுமுன் தெருமுனையில் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டது. அம்மா என் பக்கத்தில் குனிந்து, “போய்ட்டு வாரேன்டா” என்றாள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவள் வெளியே போனதும் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா வேலைக்குப் போகும்போது ஒருநாளும் எழுந்திருக்காத அப்பா, அன்றைக்கு அவளுடைய டிபன் பையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்துபோனார். வேனுக்குள் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அம்மா ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். அப்பா பையைக் கொடுக்கவில்லை. ஒரு சிட்டிகை எரிந்ததைப் பார்த்த மனிதர், அது முறம் முறமாகக் குவிந்திருக்கிற அறைக்கு அவளை ஏற்றிவிட வந்து நின்றிருந்தார். ஒன்பது வருடமாக அவள் போய்க்கொண்டிருந்த இடம் எதுவென்று அவருக்கு முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அம்மா குனிந்து, அப்பாவின் விரல்களிலிருந்து பையை உருவி எடுக்க வேண்டியிருந்தது. இந்த அப்பா ஏன் பையைக் கொடுக்காமல் மரம் மாதிரி நிற்கிறார், அம்மாவுக்கு நேரமாகிறதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.