சித்திக்கு அப்பா வாங்கிய புத்தகம்

அன்று காலை மணி பத்தேகால். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடையில், கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த கடிகாரத்தை அப்பா நிமிர்ந்து பார்த்தார். போலகம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது எப்போது என்று கேட்டால் அந்த நேரத்தைத்தான் சொல்வேன். சித்தி மகனை ஆறு கொண்டுபோனது அதற்கு நான்கு நாள் முன்பு. அது விபத்து. இது நாங்களாகச் செய்தது.

அவனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முகத்துவாரத்தில் குளிக்கப் போன பையன்களில் அவன் மட்டும் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

துக்க வீட்டுக்கு எங்கள் பக்கம் அரிசியோ காய்கறியோ கொண்டுபோவார்கள். அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். உறவில் படித்தவர் என்று பெயரெடுத்தவர். படித்தவர் கொண்டுபோவது வேறாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“புள்ளையப் பறிகொடுத்தவங்களுக்கு ஆறுதலா ஏதாவது இருந்தா குடுங்க.”

“ஆம்பளைக்கா, பொம்பளைக்கா சார்?”

“பொம்பளைக்குத்தான்.”

“அப்ப இதக் கொண்டுபோங்க. நல்லா போவுது.”

பெரிய எழுத்துப் புத்தகம். அட்டையில் விளக்கேந்திய ஒரு தாய். அப்பா முதல் பக்கத்தைப் படித்தார். துன்பம் எல்லோருக்கும் பொது என்றிருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். எல்லோரும் சுகமாக இருந்தார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. கடைக்காரர் வழக்கம்போல ஜிகினாத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஆத்தோட போன புள்ளைக்கு ஜிகினா கேக்குதா ஒங்களுக்கு?”

“அவனா சுத்திட்டான். நான் என்ன பண்றது?”

அம்மா தாளைக் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்தாள். குறை அந்தத் தாளில் மட்டும்தான் என்று இருவரும் நம்பினார்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் சித்திக்குத் துணையாக என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அழுது வீங்கிய கண்ணுக்கு எழுத்து நிற்கவில்லை என்று சித்தி என்னைப் படிக்கச் சொன்னாள். பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கதையில் ஒரு சிறுவனை வெள்ளம் அடித்துப்போகிறது. தாய் அழவில்லை. வாசல் கதவைச் சாத்தாமல், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மாலைதோறும் விளக்கேற்றுகிறாள். கடைசி நாளில் பிள்ளை ஈரத் தலையோடு நடந்து வருகிறான்.

சித்தி அதை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் சாப்பிட்டாள். புத்தகம் நல்ல புத்தகம் என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் சித்திரை அமாவாசை. சித்தப்பா வழக்கம்போல விடியலில் சைக்கிளை எடுத்தார். கரையோரமாகப் போய், உடல் எங்காவது ஒதுங்கியதா என்று ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் கேட்டு வருவது அவருடைய தினப்படி வேலையாகியிருந்தது. அன்று காரைக்கால் எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கத்துக் குப்பங்களில் கேட்பதாக இருந்தார். சித்தி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“பொணம் ஒதுங்குச்சான்னு கேக்குற வாயால எம்புள்ளையப் பேரு சொல்லிக் கூப்புட்டுப் பாருங்களேன். வந்துருவான்.”

சித்தப்பா சைக்கிளைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். பிறகு தேடிப்போக அதை எடுக்கவேயில்லை. அன்று மாலை முதல் விளக்கு எரிந்தது. கதவு சாத்தப்படவில்லை. கருமாதி எப்போது என்று கேட்ட பங்காளியிடம், “உசுரோட இருக்குறவனுக்கா?” என்றாள் சித்தி.

பத்து நாள் கழித்து என்னை அழைத்துப்போக வந்தபோதுதான் அப்பா கொல்லையில் நின்று அந்தக் கதையைப் படித்தார். படித்து முடித்ததும் புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினார்.

“படிச்சுப் பாத்துட்டுத்தானே வாங்குனீங்க?” என்றாள் அம்மா.

“முடிவு நல்லபடியா இருந்துச்சு” என்றார் அப்பா.

யார் போய்ச் சித்தியிடம் சொல்வது என்று கொல்லையில் குசுகுசுவென்று பேசினார்கள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். ஒரு மண்டலம்தானே, தானாகத் தெளிந்துவிடுவாள் என்று முடிவாயிற்று. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அதைக் கெடுப்பானேன் என்றார்கள். பெரியவர்களுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

போன வாரம் என் மகளுடைய தோழியின் தம்பி பைக் விபத்தில் போய்விட்டான். ஆறுதலாக ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா என்று மகள் கேட்டாள். அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான். இருட்டுமுன் அவன் வீடு திரும்பாவிட்டால் நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். கடைக்கு அழைத்துப்போனேன். எடுத்த ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் திறந்து படித்தேன். எல்லாவற்றிலும் யாரோ யாருக்கோ நம்பிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம். மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மண்டலம் முடிந்த நாளில் நாங்கள் எல்லோரும் போலகத்தில் இருந்தோம். சித்தி தலைக்குக் குளித்து, பால்பாயசம் வைத்து, தம்பியின் சட்டையை மடித்து விளக்கருகே வைத்திருந்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் ஓடினேன்.

தம்பி இல்லை. ஒரு மீனவரும் அவர் மனைவியும் நின்றார்கள். எல்லைக்குத் தெற்கே, கடலோரக் குப்பம் என்றார்கள். மீன் விற்க இந்தப் பக்கம் வந்துபோன பெண்கள், பிள்ளையைத் தொலைத்த வீடு ஒன்று இருப்பதாக அன்றுதான் சொன்னார்களாம். அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, தம்பி இடுப்பில் எப்போதும் கிடந்த, சின்ன வேல் கோத்த வெள்ளி அரைஞாண் இருந்தது.

சித்தி அதைக் கையில் வாங்கி, வேலைத் தடவிப் பார்த்தாள்.

“எங்க இருக்கான்?” என்று கேட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடம் தெரிந்துவிட்டது, போய் அழைத்து வர வேண்டியதுதானே என்று நினைத்தேன். அப்பா ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், சித்தப்பா ஏன் சைக்கிளையே வெறித்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை.

“சித்திரை அமாவாசைக்கு மறுநா எங்க கரையில ஒதுங்குச்சும்மா” என்றார் அந்த மனிதர். “எங்க புள்ளையா நெனச்சு நாங்களே அடக்கம் பண்ணிட்டோம்.”

அவர் மனைவி சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கு முன்னாடி பொழுதுக்கும் ஓலையப் போட்டு மூடி வச்சிருந்தோம்மா. தேடிக்கிட்டு வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். யாரும் வரலையே.”