வெர்னாவின் வீட்டில் அடுப்பைப் பிடுங்கியவன்

ஹோபர்ட் ராட்லிஃப் நல்லவன்தான். ஆனால் சரியான அவசரக்குடுக்கை. அதுதான் அவன் அக்காவின் தலையில் விடிந்தது.

சுரங்கம் மூடிய பிறகு எங்கள் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் வேலை ஏது? அப்போதுதான் மாநிலம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மின்நிலையங்கள் கக்கும் கரிப்புகைக்குக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் ஏழைகளின் வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு, காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்து, மின்சாரச் சூடேற்றி பொருத்தித் தருவார்கள். அந்தக் குழுவில் ஹோபர்ட்டும் சேர்ந்தான். நிலக்கரி வெட்டின கையாலேயே, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பை வீடுவீடாகப் பிடுங்கினான்.

"சோறு போட்டவளையே தெருவுக்குத் துரத்துறியேடா!" என்று பழைய கூட்டாளிகள் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

அக்கா வெர்னாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. புருஷன் இல்லை, நெஞ்சுச் சளி வேறு. ஒஹாயோவில் இருக்கும் மகள் ட்ரெஸ்ஸா வருஷா வருஷம் கூப்பிடுவாள். "என் பொணந்தான்டி இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்" என்பாள் வெர்னா. அந்த வீட்டில் அவளை இருக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் ஹோபர்ட்டின் ஆசை.

பட்டியலில் அவள் முறை நெருங்கியது. அவளுடைய அடுப்போ விரிசல் விட்டது. இடுக்குகளை அடைத்துவிட்டால் புகை உள்ளேயே தங்கிவிடும் என்பதால், அப்படிப்பட்ட வீட்டைப் பார்வையிட வரும் அதிகாரி தள்ளிவைத்துவிடுவார். எதற்கு வம்பு என்று, அதிகாரி வரும் முன்பே ஹோபர்ட் அடுப்பை உடைத்து அள்ளிப் போட்டான். பிடுங்கிய வேகத்தில் பழைய புகைபோக்கியும் இடிந்து விழுந்தது.

"குளிர் வந்தா என்னடா பண்ணுவேன்?"

"பனி விழுறதுக்குள்ள புதுசு வந்துரும்க்கா. பொருத்தப் போறதே நான்தானே!"

எங்கே வந்தது? ஆட்சி மாறியிருந்தது. மாநிலம் அந்தக் கட்டண ஏற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. திட்டத்துக்கு வந்த பணமும் அதோடு நின்றது.

"அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட வீடுங்களுக்கு மட்டுந்தான் இனி, ஹோபர்ட். அதுக்கப்புறம் நமக்கும் வேலை கிடையாது" என்றார் மேற்பார்வையாளர்.

"எங்க அக்கா வீட்ல அடுப்பே இல்லைங்க!"

"உன்னை யாருய்யா முன்னாடியே பிடுங்கச் சொன்னது?"

ஹோபர்ட் அக்கா வீட்டில் இரண்டு சின்ன மின்கணப்புகள் வாங்கி வைத்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அந்தப் பழைய வீட்டில் மின்சாரமே நின்றுவிடும். புகைபோக்கி இல்லாத வீட்டில் வேறு அடுப்பு வைக்கவும் வழியில்லை. தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான், அவள் அசையவில்லை. ஜனவரியில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. நிமோனியா கண்டு ஆஸ்பத்திரிக்குப் போன வெர்னா, எலும்பும் தோலுமாகத் திரும்பினாள். அழைத்துப் போக ட்ரெஸ்ஸா வந்துவிட்டாள். இந்தத் தடவை வெர்னா வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அம்மாவையும் மூட்டை முடிச்சையும் காரில் ஏற்றிவிட்டு ட்ரெஸ்ஸா திரும்பினாள். "இருந்த அடுப்பை யாரு மாமா பிடுங்கச் சொன்னது?"

ஹோபர்ட் வாயைத் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து வெர்னா கத்தினாள்: "நான்தான்டி சொன்னேன்! அவன் வேணாம் வேணாம்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டான். நான் கேட்டாத்தானே?"

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க மாமா" என்று ட்ரெஸ்ஸா அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவன் மறுத்துப் பேசவில்லை. கார் கிளம்பிப் போனது.